நம் தோட்டத்து ராபின்கள்: குண்டுக்கரிச்சான், கருஞ்சிட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டைச் சுற்றிச் சிறிதளவேனும் மண் வைத்திருப்பவர்கள் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளையும், அரியாங்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் பார்த்தவற்றையும் பறவையியல் நூல்களில் படித்தவற்றையும் கொண்டு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வாழ்த்து அட்டைகளில் காணும் செம்மார்பு ராபின் நம் ஊரில் உண்டா?

இல்லை. கிறிஸ்துமஸ் அட்டைகளில் பனி மூடிய வேலியின்மேல் செம்மஞ்சள் மார்போடு அமர்ந்திருப்பது ஐரோப்பிய ராபின். இங்கிலாந்தில் தோட்டத்தில் மண்ணைக் கொத்துபவரின் காலடிவரை வந்து மண்புழுவைப் பொறுக்கிச் செல்லும் துணிச்சலால் அந்நாட்டு மக்களுக்கு அது மிக நெருங்கிய பறவையாயிற்று. காட்டுப்பன்றி போன்ற விலங்குகள் மண்ணைக் கிளறிச் செல்லும்போது பின்னாலேயே சென்று இரை தேடிய பழக்கம்தான் பிற்காலத்தில் தோட்டக்காரரிடம் திரும்பியது என்று கருதப்படுகிறது. கடல் கடந்து சென்ற ஆங்கிலேயர்கள் தாங்கள் குடியேறிய இடங்களில் கண்ட பல பறவைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தனர். அமெரிக்க ராபின் என்பது உண்மையில் பூங்குருவி இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் சில பறவைகளுக்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. அவற்றுள் இரண்டு நம் ஊர்க் கொல்லைகளில் வாழ்பவை.

அந்த இரண்டு பறவைகள் எவை? எப்படி அடையாளம் காண்பது?

முதலாவது குண்டுக்கரிச்சான். இதை வண்ணாத்திக்குருவி என்று சொல்பவர்களும் உண்டு. ஆணின் தலை, தொண்டை, முதுகு ஆகியவை பளபளக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, வாலின் இரு ஓரங்களும் வெள்ளை. பெண்ணுக்கு ஆணின் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவை வாலை முதுகின்மேல் தூக்கித் தூக்கி நிறுத்தும். வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுவே. அங்கே இதன் பெயர் தோயல்.

இரண்டாவது கருஞ்சிட்டு. நம் பகுதியில் ஆண் முழுக்க நீலம் பாய்ந்த கறுப்பாக இருக்கும். தோளில் சிறிய வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு, அது பறக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். வட இந்தியாவில் இதே பறவையின் முதுகு பழுப்பாக இருக்கும் என்பதால் அங்கிருந்து வரும் படங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெண் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். தோளில் வெள்ளை இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வாலடி செம்பழுப்பு. வாலை நிமிர்த்தும்போது அந்தச் செம்பழுப்பு தெரிந்துவிட்டால் வேறு அடையாளமே தேவையில்லை.

கருஞ்சிட்டை முன்பு தனிப் பேரினமாக, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தனித் தொகுதியாக, வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு குண்டுக்கரிச்சானின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். கொல்லையில் இரண்டையும் ஒருசேரப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உறவு வியப்பைத் தராது.

கரிச்சான், கரிக்குருவி, குண்டுக்கரிச்சான் எல்லாம் ஒன்றுதானா?

அல்ல. கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்றெல்லாம் ஊருக்கு ஊர் அழைக்கப்படுவது மின்கம்பியில் அமர்ந்து காக்கையையும் பருந்தையும் துரத்தும் பிளவுபட்ட வால் கொண்ட பறவை. மதுரைத் திருவிளையாடல்களில், மற்றப் பறவைகளிடம் கொத்துப்பட்டு நலிந்த கரிக்குருவிக்குச் சிவபெருமான் உபதேசம் செய்து வலிமை தந்ததாக வரும் கதை அந்தப் பறவையைப் பற்றியதே. குண்டுக்கரிச்சான் கம்பியில் காத்திருந்து பூச்சி பிடிப்பதைவிடத் தரையில் தத்தித் தத்தி இரை தேடுவதையே விரும்பும். இன்னொரு குழப்பம் வெண்புருவ வாலாட்டியோடு வரும். அதுவும் கறுப்பு வெள்ளைதான், ஆனால் அது தத்தாமல் நடக்கும், ஓடும், கண்ணுக்குமேல் வெள்ளைப் புருவம் இருக்கும், பெரும்பாலும் நீரோரத்திலேயே தென்படும்.

கருஞ்சிட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனிப்பட்ட தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்று நினைக்கிறேன். 1760ஆம் ஆண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் தமக்குக் கிடைத்த ஒரு கருஞ்சிட்டின் உடலை வைத்து அதன் வருணனையை எழுதினார். அது பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து வந்தது என்று அவர் தவறாக நம்பியதால் பிலிப்பைன்ஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1766இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், ‘சிஸ்டமா நேச்சுரே’ என்ற தமது நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் பிரிசோனின் வருணனையை எடுத்தாண்டு அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பிலிப்பைன்ஸில் இந்தப் பறவையே கிடையாது. பிற்காலத்தில் வந்த அறிஞர்கள் அப்பிழையைத் திருத்தி, இந்த இனத்தின் மூல இடம் புதுச்சேரி என்று வரையறுத்தனர். ஆகவே உலகில் எங்கே கருஞ்சிட்டைப் பற்றி எழுதினாலும், அதன் அறிவியல் பெயர் சுட்டும் முதல் இடம் நம் ஊர்.

அந்தப் பெயரின் இரண்டாம் பகுதியான ஃபுலிகேட்டஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘நாமக்கோழி போன்றது’ என்று பொருள். மழைக்காலம் முடிந்ததும் ஊசுட்டேரியில் கூட்டமாக மிதக்கும் கறுப்பு நாமக்கோழியைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கறுப்பை ஏன் இந்தச் சிறு பறவையோடு ஒப்பிட்டார்கள் என்பது விளங்கும்.

என் தோட்டத்தில் எது வரும்? இரண்டும் வருமா?

இது உங்களிடம் எத்தனை செடிகள் இருக்கின்றன என்பதைவிட, அச்செடிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குண்டுக்கரிச்சானுக்கு நிழல் வேண்டும், நிழலுக்குக் கீழே ஈரமான மண் வேண்டும், அம்மண்ணின்மேல் சருகு வேண்டும். மா, பலா, கொய்யா, வாழை என்று அடர்ந்த பழைய கொல்லைகளில் அது குடியிருப்பதற்குக் காரணம் அங்கே சருகைப் புரட்டினால் பூச்சியும் பூரானும் மண்புழுவும் கிடைப்பதே. கருஞ்சிட்டு அதற்கு நேர்மாறாக வெயில் படும் திறந்த மண்ணை நாடும். கல், வேலி, குட்டைப் புதர், இடிந்த சுவர் ஆகியவை அதற்குப் போதும். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் மேட்டிலும், பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் வழியிலுள்ள முந்திரித் தோப்புகளின் ஓரங்களிலும், கட்டி முடிக்கப்படாத வீட்டு மனைகளிலும் அதைப் பார்க்கலாம். மரம் மூடிக்கொண்டால் அது விலகிப்போகும். பல ஆண்டுகளாகக் காடு வளர்க்கப்படும் ஆரோவில் பகுதியில் நடந்தால் இதைத் தெளிவாக உணரலாம். மரங்கள் ஓங்கிய உட்பகுதியில் குண்டுக்கரிச்சானின் குரல் கேட்கிறது, வெளியே வெட்டவெளிக்கு வந்ததும் கருஞ்சிட்டு கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நான்கு குழி மனையில் வீடு போக மீதமிருந்த கொல்லையில் ஒரு மாமரமும் இரண்டு வாழையும் கிணற்றடியும் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் சேறு தாங்க முடியாமல் கொல்லை முழுவதும் சிமென்ட் கல் பதித்துவிட்டோம். மாமரம் அப்படியே நின்றது, செம்பருத்தியும் பூத்தது, தொட்டிச் செடிகள் முன்பைவிட அதிகமாயின. ஆனால் ஒவ்வொரு நாளும் விடியலில் துவைக்கும் கல்லின்மேல் வந்து நின்ற குண்டுக்கரிச்சான் ஜோடி அந்த ஆண்டோடு வரவில்லை. என்ன குறை என்று புரிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் ஆயிற்று. மாமரத்தைச் சுற்றியிருந்த கற்களைப் பெயர்த்தெடுத்து, மரத்தின் சருகை அங்கேயே விழவிட்டோம். இரண்டாம் ஆண்டு மாசியில் ஓர் ஆண் பறவை வந்து அச்சருகைப் புரட்டியதைக் கண்ட காலையை என்னால் மறக்க முடியாது. அன்று முதல் என்னிடம் யோசனை கேட்பவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது, கொல்லையில் நான்கு அடிக்கு நான்கு அடியாவது மண்ணை மூடாமல் விடுங்கள், அங்கே மட்டும் துடைப்பம் போடாதீர்கள் என்பதுதான்.

மண் கொத்தும்போது இவை நம் அருகில் வருமா?

ஐரோப்பிய ராபினைப் போலக் கால்விரலருகே வந்து நிற்பதை நான் கண்டதில்லை. ஆனால் களைக்கொத்தால் மண்ணைக் கிளறிவிட்டுப் பத்து அடி விலகி உட்கார்ந்தால், பழகிய குண்டுக்கரிச்சான் சில நிமிடங்களில் இறங்கிவிடும். முதலில் சுவரின்மேல் நின்று வாலைத் தூக்கிப் பார்க்கும். பிறகு ஒரே தாவலில் மண்ணுக்கு வந்து, தலையைச் சாய்த்து, ஒரு புழுவை இழுத்துக்கொண்டு மீண்டும் சுவரேறும். நாம் நேராக உற்றுப் பார்த்தால் தயங்கும். வேறு வேலையில் இருப்பவரைப் போல இருந்தால் நெருங்கும். வாழைக்குத் தண்ணீர் விட்டபின் இலையில் தேங்கிய நீரில் அது குளிப்பதையும் பார்க்கலாம். இவ்வளவு நெருக்கத்தை அடைய எங்களுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆயிற்று.

மாசி, பங்குனியில் விடியுமுன்பே பாடிய பறவை ஐப்பசியில் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. இவை வலசை போகும் பறவைகள் அல்ல. ஆண்டு முழுவதும் இதே கொல்லையில்தான் இருக்கும். குண்டுக்கரிச்சான் ஆண் இனப்பெருக்கக் காலத்தில்தான் பாடும், அக்காலம் நம் நாட்டில் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை. அப்போது மாடிக் கைப்பிடிச் சுவர், ஆன்டெனாக் கம்பி, தென்னை மட்டையின் நுனி என்று உயரமான இடமாகப் பார்த்து அமர்ந்து, இருள் பிரியும் முன்பே தொடங்கிவிடும். மற்றப் பறவைகளின் குரலையும் இடையிடையே எடுத்துப் பாடும். அக்காலம் முடிந்ததும் பாட்டு நின்றுவிடும். கீழே புதருக்குள் ‘சுவீ’ என்று நீட்டி ஒரு மெல்லிய குரலும், எரிச்சல் கொண்டதுபோல் ஒரு கரகரப்பும் மட்டுமே கேட்கும். பாட்டைக் கேட்டே பழகியவர்கள் மழைக்காலத்தில் பறவை போய்விட்டது என்று எண்ணுவது இதனால்தான். அந்தி மயங்கியபின்பும் இது விழித்திருக்கும் பறவை என்பதால், மாலை ஆறரை மணிக்குக் கிணற்றடியில் அமைதியாக நின்று பாருங்கள்.

பைக் கண்ணாடியையும் சன்னலையும் நாள்தோறும் கொத்துகிறது. என்ன செய்வது?

தன் நிழலுருவத்தைத் தன் எல்லைக்குள் நுழைந்த வேறோர் ஆணாக எண்ணிச் சண்டை போடுகிறது. குண்டுக்கரிச்சான் ஆண், முட்டையிடும் காலத்தில் எல்லையைக் காப்பதில் மிகவும் முனைப்பானது. விரட்டுவதால் பயனில்லை, நீங்கள் உள்ளே போனதும் திரும்பி வரும். பைக் கண்ணாடிக்குப் பழைய துணிப் பையொன்றை மாட்டுங்கள், சன்னலுக்கு வெளிப்புறமாகச் செய்தித்தாளோ துணியோ கட்டுங்கள். உட்புறம் திரை போட்டால் கண்ணாடியில் பிம்பம் இன்னும் தெளிவாகலாம், ஆகவே மறைப்பு வெளியே இருக்க வேண்டும்.

கூடு எங்கே கட்டும்? எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் கட்டியிருக்கிறது.

இரண்டுமே மரக்கிளையில் வெளிப்படையாகக் கூடு கட்டுபவை அல்ல. பொந்தையும் இடுக்கையும் தேடுபவை. குண்டுக்கரிச்சான் மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கட்டும். பொந்து கிடைக்காதபோது குழாய், மீட்டர் பெட்டி என்று கிடைத்ததை ஏற்கும். கூட்டைக் கட்டுவதில் பெரும்பங்கு பெண்ணுடையது. நான்கைந்து முட்டைகள், நாளுக்கு ஒன்றாக இடும். வெளிர் நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அடைகாப்பது பெண் மட்டுமே. குஞ்சுகளுக்கு இரை கொடுப்பதிலும் பெண்ணின் உழைப்பே மிகுதி, ஆணின் முதல் வேலை காவல்.

கருஞ்சிட்டு இன்னும் தாழ்வாகக் கட்டும்: கற்களுக்கு இடையிலும், மண்கரையிலும், சிதைந்த சுவரின் பொந்திலும். உள்ளே விலங்குகளின் மயிரை மெத்தையாக விரிக்கும். பாம்புச் சட்டைத் துண்டுகளையும் அது கொண்டுவந்து வைப்பது பல கூடுகளில் பதிவாகியிருக்கிறது. கூட்டருகே சட்டையைப் பார்த்துவிட்டுப் பாம்பு புகுந்துவிட்டது என்று பதறி, கூட்டைக் கலைத்துவிட வேண்டாம்.

மீட்டர் பெட்டியைப் பொறுத்தவரை, பெட்டிக்குள் கம்பி திறந்து கிடக்கிறதா என்று மின்பணியாளர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து இல்லையென்றால் ஒரு மாத காலம் பொறுத்தாலே போதும், குஞ்சுகள் வெளியேறிவிடும். அதன்பின் ஓட்டையை அடைத்துவிட்டு, அதே சுவரில் வேறு பொந்து ஒன்றை அமைத்துக் கொடுங்கள்.

பெட்டியோ பானையோ வைத்தால் வருமா?

குண்டுக்கரிச்சான் வரும். தண்ணீர் பட்டாலும் உப்பாத பலகையில் பெட்டி செய்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் வாசல் வைத்து, ஆள் உயரத்துக்கு மேலே, மேற்கு வெயில் தாக்காத சுவரில் பொருத்தலாம். வாயை மூடி, பக்கவாட்டில் துளையிட்ட மண்பானையும் பயன்படும். எங்கள் வீட்டில் இருப்பது அதுவே. அடியில் மழைநீர் வடிய இரண்டு மூன்று சிறு துளைகள் அவசியம். வாசலுக்குக் கீழே குச்சி செருக வேண்டாம், அது காக்கைக்கும் அணிலுக்கும்தான் படியாகும். வாசல் பெரிதானால் மைனா கைப்பற்றிவிடும். மாசி பிறக்கும் முன்பே மாட்டிவிடுவது நல்லது.

குஞ்சு தரையில் கிடக்கிறது. எடுத்து வளர்க்கலாமா?

இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, உடலில் செதில் செதிலாகப் பழுப்புப் புள்ளிகளோடு தத்திக்கொண்டிருந்தால் அது கூட்டை விட்டு வெளியேறிய குஞ்சு, தவறி விழுந்ததல்ல. தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருந்து இரை கொடுக்கும். பூனை வரும் இடமென்றால் அதைக் கையில் எடுத்து அருகிலுள்ள புதருக்குள்ளோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்று பெரியவர்கள் சொல்வது சரியல்ல. தாய் வரத் தயங்குவது நாம் பக்கத்தில் நிற்பதால்தான். இறகே முளைக்காத குஞ்சானால் கூட்டிலேயே திரும்ப வைக்க வேண்டும். பாலும் சோறும் ஊட்டாதீர்கள்.

என்ன தீனி வைப்பது?

அரிசியும் கம்பும் வைத்தால் புறாவும் சிட்டுக்குருவியும் வரும். இவை இரண்டும் வாரா. இவற்றின் உணவு பூச்சி, புழு, கரையான், சிலந்தி, சில சமயம் சிறு பல்லி. குண்டுக்கரிச்சான் முருங்கை, கல்யாண முருங்கைப் பூக்களில் தேனும் உறிஞ்சும். முதல் மழைக்குப் பின் வாசல் விளக்கைச் சுற்றி ஈசல் கிளம்பும் மாலைகளில் இரண்டு பறவைகளும் இருட்டும்வரை ஓய்வில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தீனித்தட்டுக்குப் பதிலாக அகலமான மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள். கரையானுக்கும் எறும்புக்கும் மருந்து தெளிப்பதை நிறுத்துங்கள். மருந்தில் சாகாத பூச்சியைத்தான் அது தன் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது.

புயலுக்குப் பிறகு இவை குறைந்துவிட்டன என்பது உண்மையா?

எண்ணிக்கை சொல்ல என்னிடம் கணக்கில்லை. காரணத்தைச் சொல்ல முடியும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பலா மீண்டும் நடப்பட்டது, காய்க்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் கிளை முறிந்து, உளுத்து, பொந்து விழுந்து, ஒரு பறவை குடியேறும் அளவுக்கு ஒரு மரம் முதிர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவிலேயே மூன்று பழைய மரங்கள் விழுந்தன. விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது தவிர்க்க முடியாதது. நின்றுகொண்டிருக்கும் மரத்தின் பட்டுப்போன கிளையை, வீட்டுக்கோ வழியில் போவோருக்கோ ஆபத்து இல்லாதவரை, வெட்டாமல் விடலாம்.

அழகாகப் பாடுகிறதே, கூண்டில் வளர்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் குண்டுக்கரிச்சான் அருகிப்போனதற்குப் பாட்டுக்காகப் பிடித்து விற்கப்பட்டதும் ஒரு காரணம். யாரேனும் விற்பதைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

பார்த்ததைப் பதிவு செய்ய வழி உண்டா?

உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பொங்கலை ஒட்டி நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டுக் கொல்லையிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தை மாதத் தொடக்கத்தில் குண்டுக்கரிச்சான் பாடத் தொடங்கியிருக்காது என்பதால் காதை நம்பாமல் சருகைப் பாருங்கள். மரத்தடியில் ஒரே இடத்தில் இலைகள் அசைந்துகொண்டிருந்தால் அங்கேயே கண்ணை வைத்துக் காத்திருங்கள். கருஞ்சிட்டுக்கு மதிலுக்கு வெளியே உள்ள காலி மனையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பட்டியலை முடியுங்கள்.